தாங்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ

பழைய போட் வாங்க வாறவர் கரையில் என்ன பார்க்கிறார்? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்பார். அணியத்திலிருந்து கடையார் வரைக்கும் பைபரைத் தட்டிப் பார்ப்பார். வலையும் சேர்த்துத் தருவீங்களோ எண்டு விலை பேசுவார். டீசல் தாங்கியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. அது தட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது.

என்ர சித்தப்பாவும் பார்க்கவில்லை. சித்தியின் நகையை அடகு வைத்து ஒரு 28 அடி போட் வாங்கினார். துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் நல்லாத்தான் வேலை செய்தது. மூன்றாம் நாள் தொழிலுக்குப் போகேக்கை, சோளகம் எழும்பின நேரம், எஞ்சின் நின்றது. சோளகத்தில் எஞ்சின் நின்றால் வடகரைப் போட் வீட்டுப்பக்கம் வராது, வடக்கே எல்லைப் பக்கமாத்தான் இழுபடும். வேறொரு போட் கண்டு கட்டி இழுத்து வந்தது.

பிழை எஞ்சினில் இல்லை. டீசலை விடத் தண்ணி பாரம், அதனால் தாங்கியின் அடியில் தங்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளர்ந்து கறுத்த வழுவழுப்பான மண்டியாகும். உறிஞ்சுகுழாய் அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் அமைதியான தண்ணியில் ஒன்றும் தெரியாது. கடல் அடிக்கிற நேரம் மண்டி கலங்கி எழும்பும், பில்டர் அடைபடும். அதாவது எஞ்சின் மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்துத்தான் நிற்கும். துறைமுகத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதை நம்பி முடிவெடுப்பது பிழை எண்டு நான் சொல்வது இதனால்தான்.

“குறைய ஓடின போட்” என்பதையும் நம்பாதீங்கோ. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எத்தனையோ போட்டுகள் கரையில் கிடந்தன. பாதி வெறுமையான தாங்கிக்குள் இருக்கிற காற்றின் ஈரம் இரவில் உட்சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். ஓடாமல் கிடந்த போட்டின் தாங்கியைத்தான் கூடக் கவனிக்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. ஒரு கைப்பம்பும் மெல்லிய குழாயும் போதும். குழாயைத் தாங்கியின் அடிவரை விட்டு, ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் எடுத்துப் பத்து நிமிசம் வையுங்கோ. தண்ணி இருந்தால் கீழே தனியப் பிரியும். பில்டரைக் கழற்றிப் பாருங்கோ. அடித்தட்டுத் தண்ணியில் எண்ணெய்ப் படலம் மினுங்குதா? தாங்கி குந்தியிருக்கிற மரம் ஈரமா? இரும்புத் தாங்கி வெளியிலிருந்தும் கறள் பிடிக்கும், அதுவும் ஈரம் காயாத அடிப்பக்கத்தில். தாங்கிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் ஏன் எண்டு கேளுங்கோ. கல்வனைஸ் தகட்டில் செய்திருந்தால் கட்டாயம் விலை குறையுங்கோ, டீசலுக்கு அது சரிவராது. ஓட்டையை ஒட்டித் தாறன் எண்டு யாரும் சொன்னால், கழுவித் துப்பரவாக்காத தாங்கியில் வெல்டிங் வைக்க விடாதீங்கோ. வெறும் தாங்கிக்குள் நிற்கிற ஆவி வெடிக்கும்.

அவுட்போட் மோட்டர் போட்டுக்கு இந்தத் தலையிடி இல்லை. பிளாஸ்ரிக் தாங்கி வெயிலில் வெடித்திருந்தால் புதுசு வாங்கலாம். தட்டோடு சேர்த்துக் கட்டின தாங்கி அப்படியில்லை. சித்தப்பாவுக்குத் தாங்கியின் விலையை விடத் தட்டை வெட்டித் திரும்ப பைபர் போட்ட கூலிதான் கூட.

இதெல்லாம் கரையில் கனபேருக்குத் தெரியும். கலைப்பீடத்தில் படிக்கிற நான் புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்தும் கேட்பதில்லை என்பதுதான் என்ர பிரச்சினை. வித்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். “திறந்து காட்டுங்கோ எண்டு எப்படியடா கேக்கிறது, நம்பிக்கையில்லை எண்டெல்லோ நினைப்பினம்” என்றார் சித்தப்பா. இந்த மரியாதைக்கு யார் காசு கட்டுகிறார்கள்? வாங்குகிறவர்தான், அதுவும் அடகு வட்டியோட. வித்தவரும் பொய் சொன்னார் எண்டு நான் சொல்லவில்லை, அவரிடமும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதனால் கேட்கிற வேலையைச் சொந்தக்காரரின் தலையில் போடாமல், ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் எடுக்கலாம். ஒரு கைப்பம்பு, நாலு போத்தல், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக். அட்வான்ஸ் கொடுக்க முதல் சங்கத்துக்காரர் வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டால், அதை ஒருத்தரும் அவமானமாக எடுக்க மாட்டார்கள்.

பழைய தாங்கி இப்பவும் வாடிக்குப் பின்னால் கிடக்குது. மேல்பக்கம் நீலப் பெயின்ற் பளபளக்குது. கவிழ்த்துப் பார்த்தால் சுண்டுவிரல் போகும்.