கொட்டகை யாருடையது?

பிரான்ஸ் கொடுத்த பணத்தால்தான் ஆப்பிரிக்க சினிமா பிழைத்தது என்று சில மேதாவிகள் எழுதுகிறார்கள். பணம் கொடுத்தது மெய்தான், தோழர்களே! 1963 முதல் பாரிசில் இதற்கென்று ஓர் இலாகாவே இருந்தது. ஆனால் கதை அவர்களுக்குப் பிடிக்க வேண்டுமே!

மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் செனகல் தோழர் உஸ்மான் செம்பேன். பிரெஞ்சு எஜமானியிடம் அடிமைபோல் உழன்று உயிர்விட்ட வேலைக்காரியின் கதையை அவர் கொண்டுபோனார். இலாகா கைவிரித்தது. பணம் கொடுப்பவன் கடிவாளத்தையும் பிடிப்பான் என்பது நமக்குப் புதிதா? ஆனாலும் 1966-ல் படம் வந்தே தீர்ந்தது.

படம் எடுத்தால் போதுமா? காட்டக் கொட்டகை வேண்டாமா? மேல் வோல்ட்டாவில் (1984 முதல் புர்க்கினா ஃபாசோ) கொட்டகையும் படப்பெட்டியும் இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. உதவி ஒரு கையால், சுரண்டல் மறு கையால்! 1970-ல் அரசு கொட்டகைகளைத் தேசியமயமாக்கியது. உடனே கம்பெனிகள் படப்பெட்டி அனுப்ப மறுத்தன. ஆலைக் கதவடைப்பின் அண்ணன் தம்பிதான் இது.

அந்த ஏழை நாடு டிக்கெட் காசில் ஒரு பங்கைச் சொந்தப் படங்களுக்கென ஒதுக்கியது. அந்தக் காசுக்காகப் பாரிசில் யாரிடமும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை.