பிளாட் உசந்தது, ரோடு தாழ்ந்தது!

ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டில் பெண் கொடுக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு?" என்பதாக இருந்தது. இப்போது கேள்வி மாறிவிட்டது. "எத்தனை சென்ட்? ரோட்டு மேலேயா, உள்ளேயா? மண்ணடிச்சாச்சா?"

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அதில்தான் மாப்பிள்ளையின் மார்க்கெட்டே இருக்கிறது. நெல் விளைகிற வயல் என்றால் பெண் வீட்டார் காபியோடு எழுந்துவிடுவார்கள். அதே வயலில் நாலு அடிக்குச் செம்மண் கொட்டி, நாலு மூலையிலும் வெள்ளையடித்த கல் நட்டு, முகப்பில் ஒரு ஆர்ச்சும் வைத்துவிட்டால் அது 'நகர்'. பையனுக்கு உடனே மவுசு. காபியோடு ரெண்டு முறுக்கும் வரும்!

'மண்ணடிப்பது' என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்கள் விழிக்க வேண்டாம். தாழ்ந்த நிலத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்குவது. அவ்வளவுதான். அது வயலாக இருக்கலாம், ஓடைக்கரையாக இருக்கலாம், யாரும் பார்க்காத நேரத்தில் குளத்தின் ஓரமாகவும் இருக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரியவர்கள் ஊருக்குப் பேர் வைத்தபோதே லெவல் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். 'விளை' என்று முடிந்தால் தென்னையும் மரச்சீனியும் நிற்கிற மேட்டு நிலம். குளம், ஏரி, பள்ளம் என்று வந்தால் பேரிலேயே ஈரம். திட்டுவிளை, இறச்சகுளம், புத்தேரி, ஆசாரிப்பள்ளம்... சர்வேயரைக் கூப்பிடாமலே நிலத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். நாம் இப்போது பள்ளத்தை விளையாக்கிக்கொண்டிருக்கிறோம். பேரை மட்டும் மாற்றவில்லை. மழை பெய்தால் தண்ணீர் பழைய பேரைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறது.

'அப்படியென்றால் மனுஷன் வீடே கட்டக் கூடாதா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி ஜன நெருக்கமுள்ள மாவட்டம் இதுதான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நடுவில் இருக்கிற இத்துனூண்டு இடத்தில்தான் வயலும் வேண்டும், வீடும் வேண்டும். ஆகவே வீடு கட்டுகிறவர்மேல் நமக்குச் சண்டை இல்லை. நமது வழக்கு வேறு.

அந்த மண் எந்த வழியாக வந்தது?

* * *

நான் படித்தது பி.காம். என்ஜினீயரிங் தெரியாது, ஆனால் பற்று வரவு தெரியும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. நாலு அடி உயர்த்தினால் 17,424 கன அடி மண் வேண்டும். மண் வியாபாரத்தில் நூறு கன அடி ஒரு 'யூனிட்'. ஆக, 174 யூனிட். ஒரு யூனிட் ஏறக்குறைய நாலரை டன்.

பத்துச் சக்கர லாரி (நம்மூரில் 'டாரஸ்') சரக்கோடு சேர்த்து 25 டன்தான் இருக்கலாம் என்பது பழைய வரம்பு. 2018-ல் மத்திய அரசு அதை 28.5 டன்னாக உயர்த்தியது. வண்டியின் சொந்த எடையைக் கழித்துவிட்டால், சட்டத்துக்குப் பயந்த லாரி சுமார் நாலு யூனிட் ஏற்றலாம். 174-ஐ நாலால் வகுத்தால் 44 லோடு. பத்து சென்ட்டுக்கே இத்தனை! ஒரு ஏக்கர் என்றால் 436 லோடு. காலி வண்டி திரும்பிப் போவது தனி.

இத்தனையும் வருவது நாஷனல் ஹைவேயில் அல்ல. கடைசி இரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு அடி அகலக் கிராம ரோடு. நம் மாவட்டத்தில் இந்த ரோடுகளில் பல, குளத்தங்கரை மேலும் கால்வாய்க்கரை மேலும்தான் ஓடுகின்றன. மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் போட்ட கரை. அதில் 28 டன்!

இங்கேதான் ஒரு அமெரிக்கச் சமாசாரம் வருகிறது. 1958 முதல் 1960 வரை அங்கே இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் விதவிதமான தடிமனில் ரோடு போட்டு, ராணுவ டிரைவர்களை வைத்து இரவும் பகலும் லாரி ஓட்டி, ரோடு எப்படி உடைகிறது என்று பார்த்தார்கள். (நம்மவர்கள் அந்தப் பரிசோதனையை இன்னும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்!)

அவர்கள் கண்டுபிடித்தது இது: ஒரு ஆக்சிலின் மேல் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு. அதாவது எடையை நாலு தடவை பெருக்க வேண்டும். தோராயமான விதிதான். ஆனாலும் இந்திய சாலைக் காங்கிரஸ் தார் ரோடு வடிவமைக்கிற கணக்குக்கும் இதுதான் ஆதாரம்.

இதை வைத்துப் பாருங்கள். காரின் ஒரு ஆக்சில் மேல் சுமார் அரை டன். லோடு ஏற்றிய டாரஸின் பின் ஆக்சில் ஒன்றின் மேல் பத்து டன். இருபது மடங்கு எடை. சேதம்? ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு! உங்கள் பைக் ஓடி ஓடி ரோடு தேய்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

'கூடக் கொஞ்சம்தான் சார் ஏத்தியிருக்கு' என்பார் டிரைவர். அந்தக் கொஞ்சம் கால் பங்கு என்றால் சேதம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பாதிப் பங்கு என்றால் ஐந்து மடங்கு. ஒரு லோடு மிச்சம் பிடித்தவருக்கு டீசல் லாபம். ரோட்டுக்கு ஆயுசு நஷ்டம். அதன் மேல் நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். விரிசலில் தண்ணீர் இறங்கினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது பேரேட்டை மூடுவோம். வரவுப் பக்கம்: மண் விற்றவர், லாரிக்காரர், பிளாட் போட்டவர். பற்றுப் பக்கம்: ஊராட்சி. அப்புறம் காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு ஆபீஸ் கிளம்புகிற உங்கள் முதுகெலும்பு!

* * *

அனுமதி இல்லாமலா இதெல்லாம் நடக்கிறது? நடப்பதும் உண்டு. அனுமதியோடு நடக்கிறபோது என்ன ஆகிறது என்பதுதான் வேடிக்கை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு போடு போட்டது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது. அதன்பின் 2016 அக்டோபர் 20-ஐக் கெடு தேதியாக வைத்து, பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றவும் அதே வருஷம் தனி விதிகள் வந்தன. நஞ்சை என்றால் வேளாண்மைத் துறையைக் கேட்க வேண்டும். மலையோர ஊர் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுவும் உண்டு. இந்தக் கோப்பு பார்ப்பது நிலத்தை. சர்வே நம்பர் என்ன, வழி எத்தனை அடி, பூங்காவுக்கு இடம் விட்டாயா?

இரண்டாவது கோப்பு மண்ணுக்கு. சாதா மண்ணையும் சும்மா நினைக்காதீர்கள். பள்ளம் நிரப்பவும் சமன்படுத்தவும் உபயோகமாகிற மண் சிறு கனிமம் என்று 2000 பிப்ரவரி 3-ல் மத்திய அரசு அறிவித்துவிட்டது. தோண்ட அனுமதி வேண்டும். லாரிக்கு நடைச்சீட்டு வேண்டும். இந்தக் கோப்பு பார்ப்பது குழியையும் லாரியையும்.

மூன்றாவது கோப்பு ரோட்டுக்கு. அது ஊராட்சியிலோ ஒன்றியத்திலோ நெடுஞ்சாலைத் துறையிலோ இருக்கும். ரோடு உடைந்த பிறகுதான் அதைத் திறப்பார்கள்.

மூன்று கோப்பும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு டீக்கடையில்கூடச் சந்தித்துக்கொள்வதில்லை! நிலத்துக்கு அனுமதி கொடுப்பவருக்கு ரோடு தன் வேலையில்லை. ரோடு போடுபவருக்கு நிலம் தன் வேலையில்லை. நடுவில் 436 லோடு போய்க்கொண்டிருக்கிறது.

அரசாங்கமே இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டதுதான் உச்சம். காவல்கிணறிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் களியக்காவிளைப் பக்கம் போகிற நான்குவழிச் சாலையின் வேலை, வயல்களையும் குளங்களையும் தாண்ட மேடு போட மண் கிடைக்காமலே வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தது. புது ரோட்டுக்கு மண் வேண்டும். அந்த மண்ணைக் கொண்டு வரப் பழைய ரோடு வேண்டும். மண் வந்தால் பழைய ரோடு இருக்காது. எங்கள் ஊர் பாட்டா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்பம் நடந்தே போயிருவோம்டே மக்கா" என்றார்.

* * *

ரோடு மட்டுமில்லை, தண்ணீரும் இருக்கிறது. 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல், ஒரு வயலிலிருந்து அடுத்த வயல் என்று இறங்கி இறங்கிப் போகிற ஏற்பாடு நம்முடையது. மாடிப்படி மாதிரி. நடுவில் ஒரு படியை நாலடி உயர்த்தினால் மேல் வயல்காரருக்கு வடியாது. கீழ் வயல்காரருக்கு வராது. முதல் வயல் ஆசையால் விற்கப்படுகிறது. பக்கத்து வயல் வேறு வழியில்லாமல் விற்கப்படுகிறது. மூன்றாவது சலிப்பால். பாட்டா சொல்வார்: "தண்ணிக்கு சர்வே நம்பர் தெரியாதுடே." 2021 நவம்பர் மழையில் மாவட்டம் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம் உயரப் போட்டி ஆரம்பிக்கிறது. பிளாட் உயர்ந்ததால் தண்ணீர் ரோட்டுக்கு வருகிறது. ரோடு உடைகிறது. உடைந்த ரோட்டின் மேலேயே இன்னொரு ரோடு போடுகிறார்கள். ரோடு உயர்ந்ததால் பழைய வீடு பள்ளமாகிறது. இந்தக் கூத்து தாங்காமல்தான் 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவு போட்டார். ரோட்டின் உயரத்துக்கு ஒரு உத்தரவு இருக்கிறது. பிளாட்டின் உயரத்துக்கு?

களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களும் ஒரே சமஸ்தானத்து, பிறகு ஒரே மாநிலத்து நெல் வயல்கள்தான். கேரளம் 2008-ல் நெல்வயலுக்கும் நீர்நிலத்துக்கும் தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. சொந்த வீடு கட்டக் கிராமத்தில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட். அதுவும் உள்ளூர் ஆட்களும் விவசாயிகளும் இருக்கிற கண்காணிப்புக் குழு பார்த்த பிறகு. அங்கே நிரப்பலே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018-ல் திருத்தம் செய்து, பட்டியலில் சேராத நிலத்துக்குக் கட்டணம் கட்டி மாற்றவும் வழி விட்டார்கள். ஆனாலும் கேள்வி கேட்க ஊருக்குள்ளேயே ஒரு குழு இருக்கிறது. நம் பக்கம் 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு. நாஞ்சில் நாட்டுக்கு அதில் பந்தி போடவில்லை.

* * *

சரி, ஆபீஸ் போகிற நாம் என்ன செய்ய முடியும்? டாரஸ் முன்னால் படுக்க வேண்டாம். சில சில்லறை வேலைகள் இருக்கின்றன.

ஒன்று: கிராம சபை. வருஷத்துக்கு ஆறு நாள் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1). மண்ணடிப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே மண் வரும் வழி, லோடு எண்ணிக்கை, பள்ளிக்கூட நேரத்தில் ஓடத் தடை, ரோட்டுக்கு முன்பணம் ஆகியவை நிபந்தனையாக வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். ரோடு பழையபடி இருந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கட்டும். இல்லாவிட்டால் அதில் ரோடு போடட்டும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்காமல் சாவி கொடுப்போமா?

இரண்டு: பத்து ரூபாய் கட்டினால் தகவல் உரிமைச் சட்டம். அனுமதி எண் என்ன, எத்தனை யூனிட்டுக்கு, எங்கிருந்து என்று கேளுங்கள். 174 யூனிட்டுக்கு அனுமதி வாங்கி 300 வந்திருந்தால் கணக்குத் தானாகப் பேசும். ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் இருபதாயிரம் ரூபாய். அதிகப்படி டன் ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு இரண்டாயிரம். சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்கத்தான் ஆள் வேண்டும்.

மூன்று: ரோட்டோர போர்டைப் படியுங்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடு என்றால் ஐந்து வருஷம் காண்டிராக்டர் பொறுப்பு. அதை உடைத்தது அவர் வேலையா, டாரஸ் வேலையா என்று சண்டை வரும். வரட்டும். மூன்று கோப்பும் அப்போதாவது ஒரே மேஜைக்கு வரும்.

நான்கு: இது கல்யாணத்துக்குக் காத்திருக்கிற தம்பிகளுக்கு. லோன் போட்டு பிளாட் வாங்குமுன் 'அ' பதிவேட்டில் அது நஞ்சையா என்று பாருங்கள். எஃப்.எம்.பி. வரைபடத்தில் வாய்க்கால் ஓடுகிறதா என்று பாருங்கள். புது மண் உட்காரக் குறைந்தது ரெண்டு மழையாவது போகணும் என்பார் கொத்தனார். அஸ்திவாரம் அந்த நாலடியையும் தாண்டி, கீழே இருக்கிற பழைய வயல் களிமண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். மண்ணடித்த பிளாட் மலிவு என்பது வாசல் வரைக்கும்தான்.

உயர்த்துகிறவர் உயர்த்தட்டும். அந்த உயரத்துக்கான செலவில் ரோட்டையும் சேர்த்து எழுதட்டும். அதுவரை, கிராம சபைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்கள். வழியில் குழி அதிகம்!