தூங்கி விழுவோருக்கு எட்டு வினாக்கள்

மதிய உணவின் பின் வரும் பாடவேளையில் தூங்கி விழும் மாணவரைத் தட்டியெழுப்பியே பழகியவர் நாம். சென்ற தவணையிலே, ஆசிரியர் கூட்டமொன்றில் நாமே தூங்கி விழுந்து நகைப்புக்கிடமானோம். அதனை வெயிலின்மீது சாட்டிவிட்டு மறந்தோம். பின்னர் ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில், மோட்டார் சைக்கிளோடு வேலியோரம் போய் நின்றபோதுதான் அச்சம் பிறந்தது. கண்ணயர்ந்தது ஒரு கணமே. எதிரே பஸ் வண்டி எதுவும் வராதது எமது நற்பேறு.

வைத்தியர் ஒரு தாளை நீட்டினார். அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரின் எப்வேத் வைத்தியசாலையிலே டாக்டர் மறே ஜோன்ஸ் என்பார் வகுத்து, 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட வினாக்கொத்து அது. வாசிக்கையில், தொலைக்காட்சி பார்க்கையில், கூட்டத்தில் வாளாவிருக்கையில், காரில் ஒரு மணி நேரம் பயணியாகச் செல்கையில், பிற்பகலில் படுத்திருக்கையில், ஒருவரோடு உரையாடுகையில், மதிய உணவின் பின் அமைதியாக அமர்ந்திருக்கையில், வாகன நெரிசலில் சில நிமிடம் நிற்கையில் நீர் கண்ணயர்வீரா? ஒருபோதும் இல்லையெனில் 0. பெரிதும் கூடுமெனில் 3. மொத்தம் 24. பத்துக்கு மேற்பட்டால் பகலுறக்கம் அளவு மிஞ்சியது என்பர். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனைப் பற்றி வினா ஏதும் இல்லை!

நாம் இட்ட புள்ளி 7. அருகிருந்த இல்லாள் தாளை எட்டிப் பார்த்தார்.

"கதைச்சுக் கொண்டிருக்கேக்கையே நித்திரையாப் போறீங்கள், அதுக்குச் சைபரோ?"

அவர் திருத்தியபின் 13 ஆயிற்று. நாம் பொய் எழுதவில்லை. பல்லாண்டாகத் தூக்கக் கலக்கத்திலேயே வாழ்பவனுக்கு அதுவே இயல்பாகத் தோன்றிவிடுகிறது.

ஆனால் வைத்தியர் 13ஐக் கண்டும் முடிவு கூறவில்லை. அத்தாள் அளப்பது உறக்கத்தையே. மூச்சுத் தடையை அன்று. இரவில் கண்விழித்துப் படிக்கும் மாணவனும் 13 பெறலாம். சில மருந்துகளை உட்கொள்பவரும் பெறலாம். உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் ஒருவர் 5 மட்டும் பெற்று, தமக்கு நோயில்லை என்று வீடு திரும்புதலும் உண்டு. ஆதலால் அவர் வேறு வினாக்களுக்குச் சென்றார். கனடாவின் டொரன்டோ நகரில் மயக்கமருந்து வைத்தியர்கள் 2008இல் வெளியிட்ட அவ்வினாக்கள் குறட்டை, களைப்பு, இரத்த அழுத்தம், உடற்பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு முதலியவற்றை ஆராய்வன. அவற்றுள் ஒன்று, உறக்கத்தில் உமது மூச்சு நின்றதை எவரேனும் கண்டதுண்டா என்பது. இதற்கு உறங்குபவன் எங்ஙனம் விடை கூறுவான்? இம்முறையும் இல்லாளே சாட்சியானார். குறட்டை சட்டென ஓயுமாம். சற்றுப் பொறுத்துத் திணறலோடு மீளுமாம். இரண்டு வருடமாக அவர் சொல்லியும் நாம் செவிசாய்த்தோமில்லை.

தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடும்போது, குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் அதன் நினைவே இராது. இதனை உறுதிசெய்வது, மூச்சையும் பிராணவாயுவையும் இரவு முழுவதும் பதியும் சோதனையே. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகளை, மூச்சுக் குறைவுகளையும் சேர்த்து எண்ணுவர். மணிக்கு 30 அல்லது அதற்கு மேற்படின் நோய் கடுமையானது. எமக்கு 34.

இப்போது இரவில் மூக்கின்மேல் முகமூடியணிந்து உறங்குகிறோம். காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் இம்முறையைச் சிட்னியில் கொலின் சலிவன் குழுவினர் 1981இல் வெளியிட்டனர். முதல் வாரம் பெருந்தொல்லை; பிள்ளைகளுக்கோ வேடிக்கை. மூன்று மாதத்தின் பின் வைத்தியர் அதே எப்வேத் தாளை மீண்டும் நீட்டினார். கூட்டுத்தொகை 5. இம்முறை பேனையைப் பிடித்தவர் இல்லாள்.