பெரியது உறுமினால் யாரை அதட்டுவது?

வயதான நாய் இருக்கும் வீட்டுக்குக் குட்டியொன்று வந்து சேர்ந்தால் முற்றத்தில் அமைதி போய்விடும். குட்டி பெரியதன் காதைக் கவ்வி இழுக்கும், வாலில் தொங்கும், படுத்திருக்கும்போது முதுகில் ஏறும். பெரியது உறுமும். உடனே வீட்டார் ஓடி வந்து பெரியதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள். தங்கச்சிமடமானாலும் உச்சிப்புளியானாலும் இதுதான் வழக்கம். ஆனால் தட்டு வாங்க வேண்டியது அதுவல்ல.

உறுமலுக்கு முன்பே பெரியது பலமுறை சொல்லிப் பார்த்திருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பும், உதட்டை நக்கும், உடம்பை விறைத்து அப்படியே நிற்கும். இவையெல்லாம் குட்டிக்கு உறைக்காதபோதுதான் உறுமும். அதற்கும் அடங்காவிட்டால் பல் படாமல் காற்றில் ஒரு கவ்வு கவ்வும். குட்டிக்கு நாய்ப் பாஷையைக் கற்றுக்கொடுப்பது இந்த வரிசைதான். உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும் விட்டுவிடும், எரிச்சல் உள்ளேயே இருக்கும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். “சும்மா கிடந்த நாய் திடீரென்று கடித்துவிட்டது” என்று சொல்லப்படும் கதைகளில் பல இப்படி உருவானவைதான்.

அப்படியானால் விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவது எப்படி? முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும் நிலை நாய்களின் விளையாட்டு அழைப்பு. நாய்களின் விளையாட்டைப் பல காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மார்க் பெக்காஃப், 1995இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் கவனித்தார்: கவ்வித் தலையை உலுக்குவதுபோலத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய செயல்களுக்குச் சற்று முன்னும் பின்னும் நாய்கள் இப்படித் தாழ்கின்றன. “கடிப்பது விளையாட்டுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் கடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல விளையாட்டில் துரத்துவதும் துரத்தப்படுவதும் மாறி மாறி நடக்கும். பலசாலி தானே மல்லாந்து படுத்துக்கொடுக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை போதும். குட்டியைக் கழுத்துப்பட்டையில் பிடித்து நிறுத்திவிட்டுப் பெரியதைப் பாருங்கள். அது வாலைக் குழைத்துக்கொண்டு மறுபடி குட்டியிடம் வந்தால் விளையாட்டு தொடரலாம். உடம்பை ஒருமுறை உதறிவிட்டு நிழலைத் தேடிப் போய்விட்டால் அதற்குப் போதும் என்று பொருள். அப்போது குட்டியை விட்டுவிடாதீர்கள்.

பெரியதுக்குப் பொறுமை குறைய உடம்பும் காரணமாக இருக்கலாம். ஏழெட்டு வயதைத் தாண்டிய நாய்க்கு இடுப்பிலும் முட்டியிலும் வலி வருவது சாதாரணம். காது மந்தமான நாய்க்குக் குட்டி பாய்வது தெரியவே தெரியாது. தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கங்களில் இன்னொன்றும் உண்டு: சீமைக் கருவேல முள். பாதத்தின் மெத்தைக்கு நடுவே ஒடிந்து நிற்கும் முள் வெளியே தெரியாது. தொட்டால் நாய் காலை இழுத்துக்கொள்ளும், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். நேற்று வரை குட்டியைச் சகித்த நாய் இன்று சீறுகிறது என்றால் முதலில் நான்கு கால்களையும் விரித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனிதர்கள் போடும் பாராசிட்டமாலையோ மற்ற வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அது நஞ்சாகலாம்.

குட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. நான்காம் மாதம் முதல் அதன் 28 பால்பற்கள் விழத் தொடங்கி 42 பற்கள் முளைத்து முடியும்போது அதற்கு ஆறேழு மாத வயதாகிவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கும். கடியின் அளவைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது. எட்டு வாரமாவதற்குள் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த குட்டி அந்தப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்க்குட்டி ஓடித் துரத்தித் தோளால் இடிக்கும்; அதன் வேகமே வயதான நாயை உருட்டிவிடும். ஆகவே கடற்கரை மணலில் காலையிலோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ குட்டியைத் தனியாக ஓடவிட்டு, களைத்த பிறகு பெரியதிடம் விடுவது நல்லது. உச்சி வெயிலில் இரண்டையும் ஓடவிடவே வேண்டாம். நாய் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது.

பெரியதுக்குக் குட்டி நுழைய முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். திண்ணை ஓரத்தில் பனைமட்டையை வைத்து ஒரு தடுப்பு கட்டினாலும் போதும். பெரியதைச் சங்கிலியில் கட்டிப்போட்டு, குட்டியை அவிழ்த்துவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. கட்டிப்போட்ட நாயால் விலகிப் போகவும் முடியாது.

சாப்பாட்டுத் தட்டுகள் எப்போதும் தனித்தனி, ஒன்று மற்றதைப் பார்க்காத தூரத்தில். மீன் ஆய்கிற நேரத்தில் தலையையும் குடலையும் இரண்டுக்கும் நடுவே வீசுவதை நிறுத்துங்கள். உண்மையான சண்டை பெரும்பாலும் அங்கேதான் மூள்கிறது. மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை வீசுங்கள், கோணிச் சாக்கைப் போடுங்கள். மீறிப் பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மருத்துவர் சொல்லும் கெடு தவறாமல் இரண்டுக்கும் தொடர்ந்து போட்டுவர வேண்டும்.