வாயில்லாச் சீவனும் வரவு செலவுக் கணக்கும்

“எங்களுக்கே இல்லாத நேரத்திலை நாய்க்கு எங்காலை?”

முடைப்பட்ட காலத்தில் இவ்வினா எழாத வீடு நம்மிடையே அரிது. இதனைக் கேட்பவர் கல்நெஞ்சர் அல்லர். தம் கோப்பையிலே கடைசிப் பிடி சோற்றை மீதம் விட்டு, படலையடியிற் படுத்திருக்கும் பிராணிக்குக் கொண்டு சென்று வைப்பவரும் பெரும்பாலும் அவரேயாவர். வெள்ளிக்கிழமைகளில் வீட்டாரோடு சேர்ந்து நாயும் சைவமாகிவிடும் நம் குடும்பங்களிலே, அது பிள்ளைகளுள் ஒன்றாகவே வளர்கின்றது. ஆயினும் அது நோயுறும் நாளில், பிள்ளையா பிராணியா என்ற கணக்கு எழுந்துவிடுகின்றது. அக்கணக்கையே இவ்வாரம் வாசக நேயர்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகின்றோம்.

சென்ற மாரிக்காலத்தில், பாடசாலை விட்ட பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து தயங்கி நின்றான். வீட்டு நாய் மூன்று நாட்களாக ஒன்றும் உண்ணவில்லை. தந்தையார் நாட்கூலிக்குச் செல்லும் மேசன். மழையால் இரண்டு வாரமாக வேலை இல்லை. வீட்டில் இருந்ததெல்லாம் அம்மாதத்து ரியூசன் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணமே. நாயை வைத்தியரிடம் கொண்டு செல்வோமா என்று இவன் கேட்டபோது, தந்தையார் சொன்னதே மேலே கண்ட வாசகம். “நான் வீட்டிலை அப்பிடிக் கேட்டது பிழையோ, சேர்?” என்றான்.

உடனே மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2022 ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணய மாற்று விலை, மே மாதத்தில் 360 ரூபாவளவில் ஏறி நின்றது. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன் இருந்ததிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அஃதாவது, முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவை 195 ரூபா கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. சம்பளமோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்நாளில் நம் வீட்டில் வீமன் என்றொரு நாய் இருந்தது. எட்டு ஆண்டுகள் படலையைக் காத்த அது, ஒருநாட் காலை உணவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மாதக் கடைசி, கையில் இருந்தது சொற்பம், எரிபொருளும் பங்கீட்டில். ‘சம்பளம் வரட்டும், பார்ப்போம்’ என்றோம். நான்கு நாட்கள் சென்றன. ஐந்தாம் நாள் கடன் வாங்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் சென்றபோது, அவர் அதன் உதட்டை விரலால் விலக்கிப் பல் முரசைக் காட்டினார். அது கடதாசி போல் வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார். “முதல் நாளிலேயே வந்திருந்தால்” என்று தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அன்றிரவே வீமன் இறந்தது.

நம்மைத் தடுத்தது பணமின்மை மட்டுமன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். வைத்தியர் முன் சென்று, ‘எம்மிடம் இவ்வளவே உண்டு’ என்று சொல்ல நாணினோம். பட்டம் பெற்றவர், மாதச் சம்பளக்காரர், நாய்க்கு மருந்து வாங்க வழியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதா? அந்த நாணமே நான்கு நாட்களையும் தின்றது.

ஆதலால் அம்மாணவனுக்கு நாம் சொன்னது இதுவே: “நீ கேட்டதும் பிழையன்று, உன் தந்தையார் சொன்னதும் பிழையன்று. ‘எல்லாம்’ என்பதற்கும் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கும் நடுவே ‘இவ்வளவு’ என்றொரு சொல் உண்டு. வீட்டில் எவ்வளவு தர இயலும் என்று தந்தையாரிடம் கேள். அத்தொகையை வைத்தியரிடம் முதலிலேயே சொல். ரியூசன் கட்டணத்துக்குத் தவணை கேட்கலாம். நோயிடம் தவணை கேட்க முடியாது.”

வைத்தியரிடம் கையிருப்பைச் சொல்வது இரத்தலன்று. அது அவருடைய வேலையை எளிதாக்கும் ஒரு செய்தி. ஒரே நோய்க்குப் பல வழிகள் உண்டு. எந்தப் பரிசோதனை இன்றியமையாதது, எது பொறுக்கலாம். எந்த மருந்தை முதலில் தொடங்கலாம். வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டுமா, வீட்டிலேயே பராமரிக்கலாமா. பணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்பனவற்றை அவர் அப்போதுதான் நமக்குத் தக்கபடி எண்ணிப் பார்க்க இயலும். நாமும் இரு வினாக்களைக் கூசாது கேட்டல் வேண்டும்: இந்நோய் குணமாகக் கூடியதா? முடிவுவரை ஏறத்தாழ எவ்வளவு செலவாகும்?

இனி, இத்தகைய நாள் வராமற் காப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். வறியவன் வீட்டுக்கே வருமுன் காத்தல் மிகுதியும் வேண்டப்படுவது.

முதலாவது, விசர்நாய்க்கடித் தடுப்பூசி. இதனை அரசு இலவசமாகவே நாய்களுக்கு ஏற்றுகின்றது. இந்நோயின் அறிகுறி தோன்றிய பின் மனிதர் பிழைத்தல் மிக மிக அரிது. நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியமையாலும், கடியுண்டவர்க்கு உரிய வேளையில் ஊசி மருந்து ஏற்றியமையாலும் அத்தொகை அண்மைய ஆண்டுகளில் 50 இற்கும் கீழே இறங்கியுள்ளது. ஆண்டுதோறும் தவறாது ஊசி ஏற்றி, அதற்குரிய அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு வைத்திருங்கள். நாய் கடித்துவிடின், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, குட்டிப் பருவத்துத் தடுப்பூசிகள். பார்வோ எனும் வைரசு நோய் 1978 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளையே அது பெரிதும் பற்றும். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமுமாக, சில நாட்களிலே உயிரைக் கொண்டு போய்விடும். அந்நோய் கண்டபின் நாட்கணக்கிற் சேலைன் ஏற்றும் செலவை நோக்க, தடுப்பூசியின் விலை சிறிதேயாகும்.

மூன்றாவது, உண்ணி. இதற்கு வேண்டுவது பணமன்று, பொறுமை. கிழமைக்கு இருமுறை காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்த்து, சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்தெடுத்தல் வேண்டும். விரலால் நசுக்குதல் கூடாது. சவர்க்கார நீரில் அல்லது ஸ்பிரிட்டில் இடுதல் நன்று. உணவு மறுத்தல், சோர்வு, முரசு வெளுத்தல், சிறுநீர் கடுநிறமாதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாட்கடத்தாதீர்கள். நாம் கடத்தினோம்; அதன் விலையை மேலே சொன்னோம்.

நான்காவது, கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாட்களில் ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனலாம். ஒருமுறை செய்யும் அச்சிகிச்சை, ஆண்டாண்டாய் வரும் குட்டிகளின் செலவையும், முதிர்ந்த காலத்திற் கருப்பையிற் சீழ் கட்டும் கொடிய நோயையும் ஒருங்கே தவிர்க்கின்றது. சில பிரதேசங்களில் உள்ளூராட்சிச் சபைகளும் தொண்டு நிறுவனங்களும் இதனை அவ்வப்போது இலவசமாகச் செய்வதுண்டு; விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

உணவைப் பற்றி நீளப் பேச வேண்டுவதில்லை. பைகளில் வரும் வெளிநாட்டு உணவு இன்றியே நம் வீட்டு நாய்கள் வாழ்ந்து வந்திருக்கின்றன. வெறுஞ்சோறு மட்டும் போதாது; சிறிது மீனோ முட்டையோ சேர வேண்டும். வெங்காயம், உள்ளி, சொக்கிலேற், முந்திரிகைப் பழம் ஆகியன ஆகா. சமைத்த எலும்பும் சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். செலவுக்கு அஞ்சி நம் அலுமாரியிலுள்ள மாத்திரைகளைக் கொடுப்பது எல்லாவற்றிலும் கேடானது. நமக்குத் தலையிடி தீர்க்கும் பரசிற்றமோல், பூனைக்கு நஞ்சு.

இவற்றோடு ஓர் உண்டியலும் வைத்தல் நன்று. நாளொன்றுக்கு 20 ரூபா போட்டால் ஓராண்டில் 7,300 ரூபா சேரும். பெருந்தொகையன்று, ஆயினும் மாதக் கடைசியில் வரும் நோய்க்கு வைத்தியரின் வாசல்வரை செல்லும் துணிவை அது தரும். பிள்ளைகளே அதற்குப் பொறுப்பாயிருத்தல் இன்னும் நன்று. 20 ரூபாவை ஒதுக்கவே இயலாத குடும்பம், அண்டை வீட்டில் அழகாயிருக்கின்றதென்று மற்றொரு குட்டியைத் தூக்கி வராதிருத்தல், அக்குட்டிக்கே செய்யும் உபகாரமாகும்.

இத்தனையும் செய்த பின்னும், நம் கைக்கு எட்டாத நோய் வருதல் உண்டு. அப்போது பிள்ளையின் பால்மாவையும் முதியவரின் மருந்தையும் நிறுத்தி நாய்க்குச் செலவிட வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அங்ஙனம் செலவிட இயலாதவர் குற்றவாளியுமல்லர். குணமாகாத நோயெனின், வைத்தியர் கையால் நோவின்றி முடிவு பெறச் செய்தலும் அன்பின்பாற்பட்டதே. செய்யத் தகாதது ஒன்றே: சாக்கிற் கட்டிச் சென்று, சந்தையடியிலோ கோயில் வீதியிலோ அயலூரிலோ விட்டு வருதல். அச்செயலுக்கு வறுமையைக் காரணங் காட்டுதல் வறுமையை இழிவுபடுத்துவதாகும்.

பாரதத்தின் முடிவிலே தருமர் இமயம் நோக்கிச் சென்ற கதையை நம் பிள்ளைகள் அறிவர். மனைவியும் தம்பியரும் வழியில் வீழ, ஒரு நாய் மட்டும் பின்தொடர்ந்தது. இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டு ஏறுக என்றான், தருமர் மறுத்தார். இக்கதையை வகுப்பிற் பன்முறை சொல்லியிருந்தும், ஒன்றை நாம் அண்மையிலேதான் கவனித்தோம். அவ்வேளையில் தருமரிடம் நாடில்லை, பொருளில்லை. அந்நாய்க்கு இடுவதற்கு ஒரு பிடி சோறும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கொடுத்தது ஒன்றே: அதனைக் கைவிடவில்லை.

அந்த மாணவன் பத்து நாட்களின் பின் மீண்டும் வந்தான். தந்தையார் பணத்திற் பாதியைக் கொடுத்தாராம். வைத்தியர் ஓர் இரத்தப் பரிசோதனையோடு நிறுத்தி, மருந்தைத் தொடங்கி, மீதியை இரண்டு மாதத்தில் தரும்படி சொன்னாராம். அங்கும் உண்ணிக் காய்ச்சலே. நாய் இன்னும் மெலிந்துதான் இருக்கின்றது, கஞ்சி குடிக்கின்றதாம்.

“அப்பா என்ன சொல்கிறார்?” என்று கேட்டோம்.

“ஒண்டும் சொல்லேல்லை, சேர். பின்னேரத்திலை விறாந்தையிலை இருந்து, சாவணத்தாலை அவர்தான் உண்ணி பிடுங்கிறவர்” என்றான்.