வாக்கு என்ன பரம்பரைச் சொத்தா?

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அரசியல் அரிச்சுவடி வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. 1946இல் தோன்றிய ம.இ.கா.வைத் தாத்தாக்கள் அரணாகக் கருதினர். தராசுச் சின்னத்திற்கே வாக்களித்தனர். 2007 நவம்பர் 25 இண்ட்ராப் பேரணிக்குப் பின், 2008 பொதுத்தேர்தலில் தந்தையர் பலர் எதிரணிக்கு மாறினர். இரு தலைமுறைக்கும் பட்டறிவே வழிகாட்டியது. பிள்ளைகள் பலரோ முடிவை மட்டும் பெற்றுக்கொண்டு காரணத்தைக் கேட்பதில்லை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை. அதற்கு 25 நாள் முன்பே மலாக்கா சட்டமன்றத் தேர்தல் முடிந்ததால், சுங்கை ரம்பாயில் அந்த வயதினருக்கு 2022 பொதுத்தேர்தலே முதல் வாய்ப்பு.

நண்பர்களே, வாக்காளர் பதிவு தானாக நடந்துவிடுகிறது. சிந்தனை தானாக வராது. பெற்றோரிடம் கட்சியைக் கேளாமல் காரணத்தைக் கேட்போம். வேலை, வீடு, தமிழ்ப்பள்ளி குறித்து வேட்பாளரை நாமே வினவி முடிவெடுப்போம்.