ஃபைல்களை அடுக்க எந்த மென்பொருள்? டீச்சரின் கருத்து



நம் பள்ளியின் பழைய குரூப் போட்டோக்களைத் தொகுக்கிறேன் என்று சொன்னதிலிருந்து ஆளாளுக்குப் படங்களை அனுப்பி வைக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. நான் இவற்றை விண்டோஸின் ஃபைல் எக்ஸ்புளோரரில் அடுக்குவதில்லை, டபுள் கமாண்டர் என்ற மென்பொருளில்தான் அடுக்குகிறேன் என்றதும், கணினித் துறையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர் போனில் சிரித்துவிட்டார். "டீச்சர், அதெல்லாம் பவர் யூசர்ஸுக்கு. எக்ஸ்புளோரர்லயே 2022-ல டேப் வந்திருச்சே, அது போதாதா?" என்றார். அவருக்கான பதில் இது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

போதாது தம்பி. டேப் என்பது ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பீரோக்கள். முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். ஒரு பொருளை இங்கிருந்து அங்கே மாற்றுகிறவருக்கு எடுக்கிற இடம், வைக்கிற இடம் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட வேண்டும். இதை 1986-லேயே நார்ட்டன் கமாண்டர் செய்து காட்டியது. டாஸ் காலத்து மென்பொருள், எழுதியவர் ஜான் சோக்கா. இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான் தத்துவம். எஃப்5 அழுத்தினால் நகல், எஃப்6 அழுத்தினால் இடமாற்றம், எஃப்7 புது ஃபோல்டர், எஃப்8 நீக்கம். இதன் வழியில் வந்த மென்பொருள்களில் இன்று வரை அந்த விசைகள் மாறவில்லை.

எக்ஸ்புளோரரில் எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தை மவுசால் இழுத்து அதே டிரைவில் உள்ள இன்னொரு ஃபோல்டரில் போட்டால் அது இடம் மாறிவிடும். பென்டிரைவில் போட்டால் நகல் ஆகும். கை செய்வது ஒரே வேலை, விளைவு இரண்டு விதம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படி ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்தால், "ஏன் டீச்சர்?" என்று கேட்காமல் விடுமா? கமாண்டர் வகையில் எஃப்5 என்றால் எங்கே போட்டாலும் நகல்தான். எங்கே போகிறது என்று பாதையைக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

இனி எதை எடுப்பது?

டோட்டல் கமாண்டர்தான் இவற்றில் அண்ணன். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-லிருந்து செய்துவருகிறார். முதலில் விண்டோஸ் கமாண்டர் என்று பெயர். அந்தச் சொல் மைக்ரோசாஃப்டின் வணிகப்பெயர் என்பதால் 2002-ல் பெயரை மாற்றினார். ஒருமுறை பணம் கட்டினால் பிறகு வரும் பதிப்புகளும் இலவசம். கட்டாதவர்களிடம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 1, 2, 3-ல் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். அந்தப் பொத்தானை அழுத்தியே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். 30 நாள் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதானால் பணம் கட்டுவதுதான் முறை.

டைரக்டரி ஓபஸ் ஆஸ்திரேலியாவில் உருவாவது. 1990-ல் அமிகா கணினிக்காகப் பிறந்தது. அழகு அதிகம், விலையும் அதிகம். ஒவ்வொரு பொத்தானையும் நம் விருப்பப்படி மாற்றலாம், ஸ்கிரிப்ட் எழுதலாம். கல்யாண போட்டோ எடுப்பதையே தொழிலாகச் செய்யும் என் அக்காள் மகனுக்கு அது தகும். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். தேங்காய் உடைக்க சம்மட்டி எதற்கு?

டபுள் கமாண்டர் இலவசம், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். டோட்டல் கமாண்டரைப் பார்த்து வளர்ந்தது என்பதால் விசைகளும் ஏறக்குறைய அதேதான். பார்வைக்குச் சுமார்தான், 1990-களின் அலுவலகம் மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு வசதிகளுக்காக. முதலாவது, மொத்தமாகப் பெயர் மாற்றுவது. வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் ஐஎம்ஜி என்று தொடங்கி, வந்த தேதியும் ஒரு எண்ணுமாக வருகின்றன. 1987-ல் எடுத்த படத்துக்கு, நீங்கள் அனுப்பிய தேதிதான் பெயர்! கண்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வருகிறது. பழைய பெயருக்கு எதிரே புதுப் பெயர். 1987, பத்தாம் வகுப்பு அ பிரிவு, 01, 02 என்று வரிசையாகப் பார்த்து, திருப்தியான பிறகு மாற்றலாம். ஆண்டை முதலில் வைத்தால் படங்கள் காலவரிசையில் தானாக நின்றுகொள்ளும். எக்ஸ்புளோரரிலும் மொத்தமாக மாற்றலாம், ஆனால் ஒரே பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் மட்டும் போடும்.

இரண்டாவது, இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிடுவது. கணினியில் இருப்பது வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கிறதா, எது விட்டுப்போயிற்று என்று வருகைப்பதிவேடு மாதிரி வரிவரியாகக் காட்டும். இல்லாததை மட்டும் நகலெடுக்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், போன மாதம் ஒரு மாணவி தன் அப்பாவின் படத்தைக் கேட்டாள். அவரும் நம் பள்ளியில் படித்தவர்தான், இப்போது இல்லை. சின்ன வயதில் எடுத்த அவர் படம் எதுவும் வீட்டில் இல்லையாம். பழைய குரூப் போட்டோ ஒன்றில் மூன்றாவது வரிசையில் நிற்கிறார். ஆண்டைச் சொன்னாள், உடனே எடுத்து அனுப்ப முடிந்தது. அது வெறும் எண்ணாகக் கிடந்திருந்தால் ஆயிரக்கணக்கான படங்களில் எங்கே போய்த் தேடுவது? பவர் யூசர் என்றால் இளவட்ட என்ஜினியர் மட்டும்தானா, தம்பி? மற்றவர்களின் படங்களைப் பொறுப்பேற்று வைத்திருக்கிற எவரும்தான்.

கணினி இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு டோட்டல் கமாண்டரின் ஆண்ட்ராய்டு பதிப்பு இருக்கிறது. இலவசம், விளம்பரமும் கிடையாது.

இனிமேல் படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்ப வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, பின்வரிசை முகங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. எந்த ஆண்டு, எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்பதையும் கீழே எழுதுங்கள். 1991 பத்தாம் வகுப்பு ஆ பிரிவிலிருந்து இன்னும் ஒரு படம்கூட வரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்